இரவில் பதிவான முகம் தெளிவாகத் தெரிய

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"கண்காணிப்பு கேமராவின் நேரலையில் படம் பளிச்சென்று இருக்கிறது, பதிவை ஓடவிட்டு நிறுத்தினால் முகமே தெரியவில்லை" என்று பலரும் எங்களை அழைக்கிறீர்கள். உடனே இன்னும் கூடுதல் மெகாபிக்சல் கேமராவுக்கு விலையும் கேட்கிறீர்கள். கேமரா விற்பதுதான் எங்கள் தொழில். ஆனாலும், இருக்கிற கேமராவின் அமைப்புகளைச் சரிபார்க்காமல் புதிதாக வாங்காதீர்கள்.

முதலில், என்விஆர் (கேமரா படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டி) பதிவு செய்வது மெயின் ஸ்ட்ரீமைத்தானா என்று பாருங்கள். ஐபி கேமரா (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் கேமரா) ஒரே காட்சியைப் பெரிய அளவில் மெயின் ஸ்ட்ரீமாகவும் சிறிய அளவில் சப் ஸ்ட்ரீமாகவும் அனுப்புகிறது. சிறியதான சப் ஸ்ட்ரீம் கைபேசியில் பார்ப்பதற்கானது. டிஸ்க் நிறைய நாள் வரட்டும் என்று அதையே பதிவாக வைத்துவிட்டால், வாசலில் நின்ற வண்டியின் எண்ணைப் பிறகு எப்படியும் படிக்க முடியாது.

டிஸ்க் கவலை நியாயமானதுதான். பிட்ரேட் (நொடிக்குக் கேமரா அனுப்பும் தரவின் அளவு) 4 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிபி ஆகும். நான்கு கேமராக்கள் இருந்தால் 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. அதற்காகப் பிட்ரேட்டை மட்டும் பாதியாக்கினால், ஆளில்லாத வாசல் அழகாகத் தெரியும். யாராவது ஓடினால் படம் கட்டம் கட்டமாக உடையும். அசையாத இடத்தை அப்படியே விட்டுவிட்டு, மாறும் இடத்துக்கே கேமரா அதிகத் தரவைச் செலவிடுகிறது. போதாதபோது சிதைவதும் அந்த இடம்தான். ஆகவே, என்விஆர் ஏற்குமானால் மெயின் ஸ்ட்ரீமின் வீடியோ சுருக்க முறையை எச்.264-இலிருந்து, குறைந்த தரவில் அதே தரம் தரும் எச்.265-க்கு மாற்றுங்கள். நொடிக்கு 25 ஆக இருக்கும் பிரேம்களை (தனித்தனிப் படங்களை) 15 ஆகக் குறையுங்கள். இவற்றைச் செய்த பிறகு பிட்ரேட்டைக் குறைத்தால் படம் அவ்வளவாகக் கெடாது. வீட்டு வாசலுக்கு 15 பிரேம் தாராளம். பணம் எண்ணும் மேசைக்கு மட்டும் 25 இருக்கட்டும்.

இரவுப் படத்தைப் பெரும்பாலும் கெடுப்பது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம். அதைத் தானியங்கியாக விட்டால் இருட்டில் நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் வரை திறந்திருக்கும். படம் வெளிச்சமாகத் தெரிவதால் நாமும் திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆனால் சாதாரணமாக நடப்பவர்கூட அந்த நேரத்துக்குள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே தீற்றலாகிவிடும். ஷட்டரை 1/100 நொடியில் நிறுத்துங்கள். படம் இருளும், கொஞ்சம் புள்ளி தட்டும். அதற்கு மருந்து வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு. அதன் விலை புது கேமராவின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

குழல் விளக்கின் கீழே படத்தில் பட்டைகள் ஊர்ந்தால், கேமரா அமைப்பில் மின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் 50 ஆக்குங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

தெருவைப் பார்த்த கடைகளில் பகல் வெயிலில் உள்ளே வருபவர் முகம் கறுத்துத் தெரிந்தால், டபிள்யூடிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்திக் காட்டும் அமைப்பை) போடுங்கள். இரவில் அது படத்தில் புள்ளிகளைக் கூட்டக்கூடும் என்பதால் பகலுக்கு மட்டும் நேரம் குறித்துவிடுவது நல்லது. கேமரா முகப்பில் சிலந்தி வலை கட்டியிருந்தால் எந்த அமைப்பும் உதவாது. அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுப்பாக்கிவிடும். மாதம் ஒருமுறை துடையுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். காவல் நிலையத்தில் பதிவைக் கொடுக்கும்போது நேரம் பத்து நிமிடம் தவறினாலும் வீண் கேள்விகள் எழும். நேர மண்டலம் +5:30 என்று வைத்து, இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

எதை மாற்றும் முன்பும் பழைய அமைப்புத் திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு, இருட்டியதும் வீட்டில் ஒருவரை வாசலில் வேகமாக நடக்கச் சொல்லி, நேரலையில் அல்ல, பதிவில் நிறுத்திப் பாருங்கள். முகம் தெரிந்தால் போதும்.

பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு அடுத்த வருகையின்போது இவற்றை நாங்களே செய்து தருவோம். மற்றவர்கள் கடை நேரத்தில் அழைத்தால், திரையில் எங்கே போக வேண்டும் என்று பக்கத்தில் இருப்பதுபோலச் சொல்லித்தருவோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது தொலைபேசியில் கேமராவின் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் அதை ஒருபோதும் கேட்பதில்லை.

நன்றியுடன்,
உங்கள் கேமரா கடையினர்