பின்சீட்டில் வரும் பிள்ளைக்கும் ஹெல்மெட்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள் பாடத்தில் கணத்தாக்கு என்றொரு பகுதி உண்டு. வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் ஏன் கையைப் பின்னால் இழுக்கிறார் என்ற கேள்வி நீங்கள் படித்தபோதும் இருந்திருக்கும். பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடினால் கையில் விழும் அடி குறையும், அவ்வளவுதான். இந்த முறை எங்கள் அறிவியல் ஆசிரியர் யாரோ கழித்துப்போட்ட ஹெல்மெட் ஒன்றை ரம்பத்தால் இரண்டாக அறுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

வெளியே மெல்லிய ஓடு, உள்ளே இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குத் தெர்மாகோல். தலையைக் காப்பது இதுதானா என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றார். வண்டி நின்றபடியே சாய்ந்து, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுகிறது. விழுந்த உயரத்தை, தலை நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு அதிர்வு என்று தோராயமாகத் தெரிந்துவிடும். வெறுந்தலைக்குத் தார் ரோட்டில் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். மூன்று என்று வைத்தால் 500 மடங்கு. தெர்மாகோல் 20 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் 75 மடங்கு. நசுங்கியது மறுபடி எழும்பாது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், பார்க்கப் புதிதாக இருந்தாலும், உதவாது.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் நம் பள்ளி வாசல். காலையில் அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கிறது. டேங்க் மேல் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, இரண்டும் வெறுந்தலை. கேட்டால், “பக்கத்துலதானே சார், நான் பிடிச்சுக்குவேன்” என்கிறீர்கள். பிடிக்க முடியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 20 கிலோ பிள்ளையைத் தடுத்து நிறுத்த 220 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் வேண்டும். உங்கள் கையோ ஹேண்டில்பாரில் இருக்கும்.

நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம் என்பது 2019 திருத்தத்திலிருந்தே மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கும் சிறிய பிள்ளைகளுக்கு, 2022-இல் வந்த விதிப்படி, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். அவர்களை ஏற்றிப்போகும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்த இந்தக் கடிதம் இல்லை, அதைக் காவல் துறை பார்த்துக்கொள்ளும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். பிள்ளையைக் கூடவே கூட்டிப்போங்கள். பெரியவர்களின் ஹெல்மெட் சின்னத் தலையில் சுழலும். தலையை ஆட்டினாலும் நகராத அளவுதான் சரி. தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டாவிட்டால், தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று போய்விடும். கடைக்காரர் ‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுங்க’ என்றால் கேட்க வேண்டாம். இது பள்ளிச் சீருடை இல்லை.

பகலெல்லாம் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்ற கவலை வேண்டாம். வகுப்பறை வராந்தாவில் அலமாரி போட்டிருக்கிறோம், பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், விலை கட்டுப்படியாகாது என்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் உதவ ஒப்புக்கொண்டிருக்கிறது, பெயர் வெளியே வராது. அடுத்த திங்கட்கிழமை முதல் காலையில் நானே வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்