அமைதிக் கூட்டங்களின் பலனை அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவகோட்டை அருகே கண்டதேவியில், பட்டியல் சமூகத்தினர் வடம் பிடிக்கும் உரிமை குறித்த பிணக்கால் பல ஆண்டுகள் ஓடாதிருந்த தேர், 2024 ஜூனில் பலத்த போலீஸ் பாதுகாப்புடன் ஓடியது. அசம்பாவிதம் நடக்கவில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால், அந்த ஒரு நாளை மட்டும் வைத்து, உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி ஆகிய நான்கு நாடுகளைச் (‘நாடு’ என்பது இங்கே பாரம்பரிய ஊர்த்தொகுப்பு) சேர்ந்த ஊர்களிலும் மனக்கசப்பு தீர்ந்துவிட்டதாகக் கணக்கெழுத முடியாது.

திருவிழாக்களுக்கு முன் அதிகாரிகள் கூட்டும் அமைதிப் பேச்சுவார்த்தையில் இருதரப்பும் கையெழுத்திட்டால் கோப்பு மூடப்படுகிறது. தடுக்கப்பட்ட மோதல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே, பேச்சுவார்த்தைக்கு முன்பிருந்த நிலையைப் பதிந்து வைத்து, விழா முடிந்து பல மாதங்கள் கழித்தும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் பலன் தெரியும். தென்னாப்பிரிக்கா, உகாண்டா போன்ற நாடுகளில், அமைதியின் அடையாளங்கள் எவை என்று ஊர்மக்களிடமே கேட்டு அவற்றை அளவுகோலாக்கும் ஆய்வுமுறை கையாளப்பட்டிருக்கிறது. நமக்கும் அதுவே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

ஊருணியில் எல்லாத் தெருப் பெண்களும் தயக்கமின்றித் தண்ணீர் எடுக்கிறார்களா, ஒரே டீக்கடை பெஞ்சில் இருதரப்பு இளைஞர்களும் உட்காருகிறார்களா, பந்தோபஸ்துக்கு வரும் போலீசாரின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைகிறதா என்பவற்றை, குறிப்பாக ஒதுக்கப்பட்டோரிடம் தனியே கேட்டு, மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி