அரைவிலை டயமண்டும் கனடா கார்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை தொடங்கினால் ஃபிறீ ஃபயர் டயமண்ட், பப்ஜி யூசி என்று போன் கேம்களுக்குள் காசாகச் செலவழிப்பவற்றை விற்கும் வட்ஸ்அப் குழுக்களும் களைகட்டிவிடும். "அரைவிலை, அஞ்சு நிமிசத்தில ஏறும்" என்பது அவற்றின் பல்லவி. அரைவிலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று காசு கொடுக்கும் பெற்றோர் கணக்குப் பார்ப்பதில்லை.

பப்ஜியில் 60 யூசி 0.99 டொலர். 8100 யூசி கொண்ட பெரிய பொதி 99.99 டொலர். மொத்தமாக வாங்கினாலும் ஒரு யூசிக்குக் கால்வாசி விலைதான் குறைகிறது. அந்தப் பொதியும் முழுதாக ஒரே கணக்கில்தான் ஏறும். பிரித்துச் சில்லறையாக விற்க வழியில்லை. நேர்மையான முகவர் சிறு கழிவு தரலாம். பாதி விலை என்றால் திருட்டுக் கடனட்டையில் வாங்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அட்டைக்குரியவர் வங்கியில் முறையிட்டதும் பணம் திருப்பி எடுக்கப்படும். சில வேளை அதற்கு வாரக்கணக்காகும். பிறகு கேம் நிறுவனம் யூசியைக் கழிக்கும். பெடியன் அதற்குள் செலவழித்திருந்தால் மீதி சைபருக்குக் கீழே போகும், கணக்கு முடக்கப்படவும் கூடும். விற்றவரோ அந்தக் குழுவிலேயே இருக்கமாட்டார்.

ஏற்றுவதற்குப் பிளேயர் ஐடி, அதாவது கேமில் விளையாடுபவருக்குரிய இலக்கம் மட்டும் போதும். அதிகாரபூர்வத் தளத்தில் ஐடியை அடித்ததும் விளையாடுபவரின் பெயர் திரையில் வந்தால், அதைச் சரிபார்த்த பிறகே காசைக் கட்டவும். ஓர் இலக்கம் பிழைத்தாலும் டயமண்ட் வேறு யாருக்கோ போய்விடும். பேஸ்புக் கடவுச்சொல்லையோ குறுந்தகவலில் வரும் குறியீட்டையோ கேட்பவர் கணக்கைத் தூக்கத்தான் கேட்கிறார்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். கனடாவிலிருந்து மாமா பிறந்தநாளுக்குக் கூகுள் பிளே கிஃப்ட் கார்ட் வாங்கி, சுரண்டி, அதிலுள்ள குறியீட்டைப் படமெடுத்து அனுப்புகிறார். கனடா கார்ட் இலங்கைக் கணக்கில் ஏறாது. கணக்கின் நாட்டை மாற்ற வெளிக்கிடுபவர்களும் உண்டு. அதற்கு அந்த நாட்டில் இருக்கவும் வேண்டும், அந்நாட்டுக் கொடுப்பனவு முறையும் வேண்டும். மாற்றினால் ஒரு வருடத்துக்குத் திருப்பவும் முடியாது. மாமா காசாகவே அனுப்பட்டும்.

பெற்றோரின் போனில் வங்கி அட்டை பதிந்திருந்தால், பிளே ஸ்டோரின் மேல் மூலையிலுள்ள படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போய், கொள்வனவுக்கான சரிபார்ப்பை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்று விட்டால், ஒருதரம் திறந்துகொடுத்த பின் அந்த அரை மணித்தியாலத்தில் எத்தனை பொதியும் வாங்கலாம். பிள்ளையின் கைரேகையும் அதே போனில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் பூட்டு இருந்தும் காசு போவது இதனால்தான்.

தவறுதலாக வாங்கப்பட்டிருந்தால் 48 மணித்தியாலத்துக்குள் கூகுளிடமே மீளளிப்புக் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் பற்றுச்சீட்டில் 'ஜிபிஏ' (GPA) என்று தொடங்கும் இலக்கத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

டயமண்ட் ஏற்றிக்கொடுக்கும் கொமினிகேசன் கடைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள்: ரீலோட் போடுவது போல வாய்ப்பேச்சில் முடிக்காமல், பிளேயர் ஐடி, பொதியின் அளவு, தொகை, நேரம் நான்கையும் துண்டில் எழுதிக் கொடுங்கள்.

கைத்தொலைபேசி திருத்துநர்கள்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.