நடைக் குழுவின் ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் சொல்வார், நான் நேரே நடைக்கு வருகிறேன்.

நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். கச்சேரி, வங்கி, பள்ளிக்கூடம், கடை என்று காலையில் கதிரையில் இருந்தால் பின்னேரம்வரை கோப்பும் மின்விசிறியும்தான். அதற்கு நடுவில் கொஞ்ச நேரம் வெளியே போய் நம் ஊரின் சுவர்களையும் சிலைகளையும் கோபுரங்களையும் பார்த்துவிட்டு வந்தால் மிச்ச நாள் லேசாகப் போகிறது. இதற்காகத்தான் இந்தக் குழு.

கச்சான் காற்று அனலாக அடிக்கத் தொடங்கியதும் மதிய நடையை நிறுத்திவிட்டு கந்தோர் விட்ட பிறகு நடந்தோம். அது இன்னும் நல்லதாகப் போய்விட்டது, ஏனென்றால் நம் திருகோணமலை இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர், டச்சுக்குடாப் பக்கம் தொடங்கி உட்துறைமுக வீதிக்கு நடந்து வந்தால் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

அதிகம் பேர் வந்தது கோட்டை நடைக்குத்தான். 1803இல் ஆங்கிலேயர் அதற்குப் பிரடெரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அதைக் கட்டியது போர்த்துக்கேயர், அதுவும் கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டு. வாசல் கல்லில் இரட்டை மீனும் பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் இருக்கின்றன. தினமும் அந்த வாசலால் கோயிலுக்குப் போய் வருகிற எங்களில் பலர் அன்றைக்குத்தான் நின்று பார்த்தோம். நம் ஊரின் மிகப் பழைய வீதிக் கலை அதுதான் என்று நான் நினைக்கிறேன், காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். உள்ளே மான்கள் கிட்ட வரும், தயவுசெய்து தின்பண்டம் கொடுக்க வேண்டாம், பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன.

பத்திரகாளி அம்பாள் கோயில் கோபுரத்தைப் பார்க்க ஒரு நாள் போதாது. அப்புறம் வேறு நாளும் போனோம், ஒவ்வொரு தட்டாக, சிற்பிகள் துணி மடிப்புக்குக்கூட எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று.

மதில் ஓவியங்கள்தான் எனக்குக் கவலை. 2019 கடைசியில் நாடு முழுக்க இளம் பிள்ளைகள் தூரிகையோடு வீதிக்கு வந்தார்களே, அந்த நேரம் வரைந்தவை வெயிலிலும் உப்புக் காற்றிலும் உதிர்கின்றன. மிச்சத்தின் மேல் ரியூசன் நோட்டீசும் மரண அறிவித்தலும் ஒட்டுகிறார்கள். படத்தை மூட வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, வெறும் மதில் என்றுதான் நினைக்கிறார்கள். அதனால் நாங்கள் நின்று பார்ப்பதே ஒரு பாதுகாப்பு, ஒரு கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சுவரில் பசை பூச யாருக்கும் கை வராது. ஒருநாள் நாங்கள் நின்ற இடத்தில் ஒரு ஓட்டோக்காரத் தம்பியும் இறங்கி வந்து பார்த்தார், தினமும் ஓடுகிற றோட்டுத்தான், இப்போதுதான் கண்ணில் பட்டது அண்ணா என்றார்.

வருகிற வருடத்துக்கு ஒரே ஒரு வேலையை முன்வைக்கிறேன். மழைக்காலம் வருமுன் ஊரில் மிஞ்சியுள்ள மதில் ஓவியங்கள் எல்லாவற்றையும் தெருத் தெருவாகப் படம் எடுத்து, வரைந்தவர்கள் யார் என்று விசாரித்து எழுதி வைப்போம். கைபேசி போதும். தெருக்களைப் பிரித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைத் தாருங்கள்.

செயலாளர்