மராகேஷில் எங்கே தங்கலாம்: மகளுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

மொராக்கோவில் இருக்கும் மராகேஷில் நீ பார்த்து வைத்திருக்கும் ஹோட்டல் படங்கள் வந்தன. நீச்சல் குளம் பெரிசாகத்தான் இருக்கிறது, ஆனால் துபாயில் நீ பார்க்காத குளமா? போன வருடம் நானும் அப்பாவும் தங்கினோமே, அது மாதிரி மதீனாவுக்குள், அதாவது கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரில், ஒரு ரியாத் பார்; முற்றம் வைத்த பழைய வீட்டை விடுதியாக்கியதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

மாப்பிள்ளை முதலில் முகம் சுளிப்பார். கார் சந்து முனையிலேயே நின்றுவிடும், பெட்டிகள் தள்ளுவண்டியில் வரும், இரண்டு பக்கமும் ஜன்னலே இல்லாத செம்மண் நிறச் சுவர், குனிந்து நுழைய ஒரு கதவு. உள்ளே போனால் நடுவில் முற்றம், நீரூற்று, ஆரஞ்சு மரம், எல்லா அறையும் அதைப் பார்த்தபடி. பாட்டி வீட்டு முற்றம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. குளியலறைச் சுவரை மறக்காமல் தடவிப் பார்; தடலாக்த் என்பார்கள், சுண்ணாம்புப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து சோப்பு போட்டு மெருகேற்றியது. அப்படி ஒரு வழவழப்பு.

அப்புறம் ஹம்மாம், அதாவது நீராவிக் குளியல் கூடம். ரியாத்திலேயே இருந்தாலும், அக்கம்பக்கத்துப் பெண்கள் போகிற இடத்துக்கு ஒரு நாள் போ. ஆலிவில் செய்த கறுப்பு சோப்பைப் பூசி ஊறவைத்து, கெஸ்ஸா என்ற சொரசொரப்பான கையுறையால் ஒரு அம்மாள் தேய்த்தாள் பார், அழுக்கு திரித்திரியாக வந்தது, எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த மாதிரி ஹம்மாமின் அடுப்புச் சாம்பலில்தான் தஞ்சியாவும் வேகிறது. மண் ஜாடியில் கறி, பூண்டு, சீரகம், உப்பில் ஊறிய எலுமிச்சை எல்லாம் போட்டு வாயைக் கட்டிப் புதைத்துவிட்டால், மணிக்கணக்காகக் கிடந்து கறி பஞ்சாகிவிடும். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

நன்றாக உடுத்திக்கொண்டு போக ஆசையா, லா மமூனியாவில் ஒரு டீ குடியுங்கள். சர்ச்சில் தங்கிய ஹோட்டல், விலையும் அதற்கேற்ப. மஜோரெல் தோட்டத்துக்கு டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் வாங்கிவிடு. அங்கே ஹோட்டல் கட்டவிருந்த நேரத்தில், 1980இல், பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானும் அவருடைய துணைவர் பியர் பெர்ஜேயும் வாங்கிக் காப்பாற்றிய இடம் அது. அங்கே சுவர்களில் பூசியிருக்கும் நீலத்துக்கு எந்தப் புடவையும் ஈடில்லை.

சந்தில் யாராவது “இந்த வழி மூடியிருக்கு” என்றால் நம்பாதே. நாங்கள் நம்பி, அப்படிச் சொன்னவன் பின்னாலேயே ஊரையே சுற்றி, கடைசியில் அவனுக்குக் காசும் கொடுத்துவிட்டு வந்தோம்.

சரி, வரும்போது அந்த உப்பு எலுமிச்சை ஒரு பாட்டில் வாங்கி வா. அப்பா வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

அம்மா