உள் தடங்காணியை இயங்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

2022 ஜூலை 5 அன்று, செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் முடுக்கியான எல்ஹெச்சியில் 13.6 டெரா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் புரோட்டான் மோதல்கள் தொடங்கின. அங்குள்ள உணர்கருவிகளில் ஒன்றான ஆலிஸின் நடுவே, சிதறும் துகள்களின் பாதையைப் பதிய இருக்கும் நம் உள் தடங்காணியில் தடங்கள் ஓடியதைப் பார்த்துக் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டினோம். அந்தக் கைதட்டலில் பெரும்பங்கு அங்கே இல்லாதவர்களுக்குச் சேர வேண்டியது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பாரி, லிவர்பூல், பூசான், ஸ்ட்ராஸ்பூர்க், வூஹான் என்று பல ஊர்களில் துகளை உணரும் சிலிக்கான் சிப்களை ஒட்டி மாட்யூல்களாக்கிய கைகளுக்கு. உள் அடுக்குகளின் சிப் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஏழு அடுக்குகள், தனித்தனியாகத் துகளை உணரும் நுண்கட்டங்களான பிக்சல்கள் மொத்தம் 1,250 கோடி. உங்கள் பொறுமை இல்லாமல் நாங்கள் அளவுத்திருத்தம் செய்ய, அதாவது சோதித்துச் சரியாக அமைக்க, எதுவுமே இருந்திருக்காது.

அப்புறம், த்ரெஷோல்ட் குழு, அதாவது எவ்வளவு மின்னூட்டம் வந்தால் பிக்சல் பதில் தர வேண்டும் என்ற வரம்பை அமைத்தவர்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு துகள் கடந்துபோனால் சிலிக்கானில் ஆயிரத்துக்கும் அதிகமான எலெக்ட்ரான்கள் விடுபடும். அவை பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்குள் பங்கு போகும். ஆகவே பிக்சல் சுமார் 100 எலெக்ட்ரான் அளவிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் இரைச்சல், மேலே ஏற்றினால் உண்மைத் தடம் தப்பும். தெரிந்த அளவு மின்னூட்டத்தைப் பிக்சலுக்குள் திரும்பத் திரும்பச் செலுத்தி, எந்த அளவில் பாதி முறை பதில் வருகிறது என்று பார்த்து, ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாக அந்த அளவுக்குக் கொண்டுவந்தீர்கள். ஓயாமல் கத்தும் பிக்சல்களைத் தேடி அடைத்தீர்கள். பத்து லட்சத்தில் ஒன்றுக்குள் பொய் சமிக்ஞை இருந்தால் போதும் என்பதுதான் இலக்கு. கிடைத்ததோ அதைவிடப் பல மடங்கு சுத்தமான உணர்கருவி. என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் மிக அழகான வேலை இதுதான்.

சுரங்கத்துக்குள் இறக்குவதற்கு முன்பே, தரைமட்ட ஆய்வுக்கூடத்தில் வானிலிருந்து இயல்பாகவே வந்து விழும் காஸ்மிக் மியூவான் துகள்களை வைத்துச் சோதித்து இரவும் பகலும் ஷிப்ட் பார்த்தவர்களை மறக்க முடியாது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது வீட்டிலிருந்தே திரையைக் கவனித்தீர்கள். கீழே போன பிறகு கை வைத்துச் சரிசெய்ய முடியாதவை எவ்வளவோ; அவற்றை மேலேயே பிடித்துக் கொடுத்தது நீங்கள்தான்.

2021 மே மாதம் உள் அடுக்குகளை இரண்டு பாதிகளாக, துகள்கள் ஓடும் கற்றைக் குழாயைச் சுற்றி நகர்த்திச் சேர்த்த பொறியாளர்களே, உங்களுக்குத் தனி வணக்கம். அந்த பெரிலியம் குழாயின் சுவர் 0.8 மில்லிமீட்டர்தான். குழாய்க்கும் முதல் அடுக்குக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளி. உரசல் ஒன்றுகூட இல்லாமல் கொண்டுபோய் வைத்தீர்கள்.

குளிர்விப்புக் குழுவுக்கும் நன்றி. தண்ணீரை வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழேயே ஓட விடுகிறீர்கள். எங்காவது கசிந்தாலும் காற்றுதான் உள்ளே போகுமே தவிர, சிப்கள் மேல் தண்ணீர் சொட்டாது. 2021 அக்டோபரில் 900 கிகா எலெக்ட்ரான்வோல்ட் சோதனை மோதல்களைத் தந்த முடுக்கி இயக்குநர்களுக்கும் நன்றி. அந்தத் தரவும் காஸ்மிக் தரவும் சேர்ந்ததால்தான் அலைன்மென்ட் குழு, சிப்கள் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதை மைக்ரான் கணக்கில் கண்டுபிடிக்கத் தொடங்கியது. வரைபடத்தில் இருக்கும் இடமும் உண்மையான இடமும் ஒருபோதும் ஒன்றல்ல. வளைந்த தடம் எது, நகர்ந்த சிப் எது என்று பிரித்தறிந்த உங்கள் நிதானத்தை நம்பித்தான் இனி வரும் ஒவ்வோர் அளவீடும் நிற்கும்.

கடைசியாக, ஷிப்ட் குறிப்பேட்டில் நடுராத்திரியிலும் முழு வாக்கியங்களாக எழுதி வைத்தவர்களுக்கு. எந்த மின்னழுத்தம், எந்த வெப்பநிலை, எதை மாற்றியதும் எது சரியானது என்று எல்லாம் அதில் இருக்கிறது. உள் மூன்று அடுக்குகளுக்குப் பதிலாக வளைத்த சிலிக்கானை வைக்கும் அடுத்த தடங்காணிக்கான வேலை நடக்கிறது. அதில் சேர வரும் இளையவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுக்கப்போவது உங்கள் குறிப்புகளைத்தான்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
அளவுத்திருத்தப் பணியில் உங்களோடு இருந்த ஒருவர்