கதிர் பட்ட சிறிஞ்சு ஏன் ஒடிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

காமாக் கதிரால் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் பொருள்களில் கதிரியக்கம் தங்கியிருக்கும் என்றும், வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் மருத்துவப் பெட்டிகளைப் பிரிக்காமலே புதைத்துவிட வேண்டும் என்றும் கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறை நியாயமானது. சொன்ன காரணம் பிழையானது. இந்த நிலையங்களில் பயன்படும் கதிரியக்க உலோகமான கோபால்ற்று-60 வெளிவிடும் காமாக் கதிர்களின் சக்தி 1.17, 1.33 மெகா இலத்திரன்வோல்ற்று. பிளாஸ்டிக்கிலுள்ள அணுக்கருக்களைக் கதிரியக்கமுள்ளவையாக மாற்ற அது போதாது. நமது நாட்டிலேயே பியகமவில் இத்தகைய காமா நிலையம் இயங்குகிறது. அதற்குள் போய் வரும் பொருளில் கதிர் எதுவும் மிஞ்சுவதில்லை.

மிஞ்சுவது வேறொன்று. அதைத்தான் மக்கள் அறிய வேண்டும்.

மண்டூர்ப் பக்கத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு வந்த பெட்டியைப் பார்த்துத் தரும்படி என்னை அழைத்தார்கள். உள்ளே சிறிஞ்சுகளும், ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் பெத்ரிக் கிண்ணங்களும் இருந்தன. இரண்டின் உறையிலும் கதிரால் கிருமி நீக்கியதைக் குறிக்கும் 'ஆர்' எழுத்து. இரண்டுக்கும் காலாவதித் திகதி எப்போதோ கடந்திருந்தது. கிண்ணங்கள் தெளிவு மங்காமல் உறுதியாக இருந்தன. சிறிஞ்சில் விரல் பிடிக்கும் விளிம்போ, லேசாக அழுத்தியதுமே ஒடிந்து மேசையில் விழுந்தது. கொஞ்சமும் வளையவில்லை, காய்ந்த ஈர்க்கு முறிவதுபோல முறிந்தது. மருந்து ஏற்றும் நேரத்தில் ஒரு தாதியின் கையில் அது முறிந்திருந்தால்?

சிறிஞ்சு பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, கிண்ணம் பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. இரண்டிலும் காபன் சங்கிலியின் முதுகெலும்பு ஒன்றேதான். ஒன்றுவிட்ட ஒரு காபனில் முன்னதில் ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட மெதைல் கூட்டம் தொங்குகிறது, பின்னதில் ஆறு காபன் கொண்ட பென்சீன் வளையம். வித்தியாசம் அவ்வளவே. கிருமிநீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் 25 கிலோகிரே (உறிஞ்சப்படும் கதிரின் அளவு) கதிர் பட்டதும் பொலிப்புரொப்பிலீனில் பிணைப்புகள் உடைந்து சுயாதீன மூலிகங்கள், அதாவது சோடி சேராத இலத்திரனுள்ள, எளிதில் வினைபுரியும் துண்டுகள் பிறக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி சங்கிலிகள் ஒழுங்காக நெருங்கி அடுங்கியிருக்கும் பளிங்குப் பகுதிகளுக்குள் அகப்பட்டுக் கிடந்து, மாதக்கணக்கில் மெல்ல வெளிவந்து ஒட்சிசனோடு சேர்ந்து சங்கிலியைத் துண்டாடுகிறது. கதிர் நின்ற பின்னும் சேதம் நடந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதில் மோசமானது. நமது பகுதித் தகரக்கூரைக் களஞ்சியங்களின் வெக்கை அதை இன்னும் விரைவாக்கும்.

பென்சீன் வளையமுள்ள இடத்தில் கதை வேறு. வளையம் முழுவதும் பரந்திருக்கும் இலத்திரன்கள் வந்த சக்தியை வாங்கி, பிணைப்பு உடையுமுன் அதிர்வாகவும் வெப்பமாகவும் கழித்துவிடுகின்றன. சங்கிலியின் அண்டைப் பகுதியில் விழுந்த சக்தியும் வளையத்துக்கு நகர்ந்து அடங்குகிறது. ஐதரசன் வெளிவருவது பிணைப்பு உடைவதன் அடையாளம். 100 இலத்திரன்வோல்ற்று சக்தியை உறிஞ்சிய, பரந்த இலத்திரன்கள் இல்லாத சைக்கிளோஹெக்சேன் ஐந்துக்கு மேற்பட்ட ஐதரசன் மூலக்கூறுகளை வெளிவிடும். பென்சீன் வெளிவிடுவது ஏறத்தாழ 0.04 மாத்திரமே. அதே ஆறு காபன், அதே வளைய வடிவம், இத்தனை தூர வேறுபாடு! உயர்தர வகுப்பில் பென்சீனின் உறுதிநிலையை வெறும் எண்ணாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

வளையம் இருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. பொலிகாபனேற்று என்ற இன்னொரு பிளாஸ்டிக்கின் சங்கிலியிலேயே வளையங்கள் உண்டு; வலிமை பெரிதும் குறையாவிட்டாலும் கதிர் பட்டால் அது மஞ்சளாகும். மறுபக்கம், தாங்கும்படி சேர்மானம் இட்ட பொலிப்புரொப்பிலீனும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அதற்கும் திகதி உண்டு.

ஆகவே பெட்டி அனுப்பும் உறவுகளுக்கு என் வேண்டுகோள்: திகதி கடந்த சிறிஞ்சை 'அங்கே ஏதாவது உதவும்' என்று அனுப்பாதீர்கள். பொறுப்பேற்பவர்கள் திகதி பாராமல் களஞ்சியத்தில் அடுக்க வேண்டாம். நல்ல திகதியுள்ளவற்றையும் தகரத்துக்குக் கீழே வைக்க வேண்டாம். காலங்கடந்த கிண்ணங்கள் கிருமிப் பரிசோதனைக்கு ஆகா, ஆனால் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு நன்றாகப் பயன்படும். மண்டூர்ப் பெட்டியிலிருந்தவற்றை அருகிலுள்ள பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியையிடம் ஒப்படைத்தோம். ஒடிந்த சிறிஞ்சு ஒன்றையும் ஊசியில்லாமல் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
களுவாஞ்சிகுடி.